வரி கொடுத்த தலை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் பால் சொசைட்டியில் கையெழுத்துப் போடவும், கட்டிக்கொடுத்த மகளுக்கு இரண்டு கடிதம் எழுதவும்தான். மறதியும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் பால் வைத்ததே மறந்துபோகிறது. ஆனால் இந்த ஒரு நாள் மட்டும் மறக்கவில்லை. சும்மா உட்கார்ந்தால் அதுதான் வருகிறது. எழுதிவிட்டால் மனசு அடங்கும் என்று மகள் சொன்னாள். ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அவர் இன்னும் வரவில்லை.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவர் வெளியே போவதும் நான் வாசலைப் பார்ப்பதுமாகத்தான் இருக்கிறோம். எங்கள் ஊர் மலை அடிவாரத்தில் இருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஊருக்கும் மலைக்கும் நடுவில் ஒரு கரடு, சின்னக் குன்று மாதிரி. கல்லும் உன்னிச் செடியும்தான் அதில். கரட்டுக்கு அந்தப் பக்கம் ஓடை. ஓடையைத் தாண்டினால் காடு.

அவர் கவுதாரி பிடிக்கிறவர். தனியாகத்தான் போவார். குஞ்சிலிருந்து வளர்த்த ஒரு கவுதாரி எப்போதும் வீட்டில் இருக்கும். மூங்கில் கூண்டில் அதை வைத்து, மேலே பழைய வேட்டித் துணியைப் போர்த்தி எடுத்துப் போவார். கரட்டில் கூண்டை வைத்துச் சுற்றிக் கண்ணி கட்டிவிட்டுத் துணியை எடுப்பார். இது கூவும். நம் இடத்தில் யாரடா கூவுவது என்று காட்டுக் கவுதாரி சண்டைக்கு வரும். கண்ணியில் கால் மாட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு. பல நாள் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத நாளில்தான் அவர் முகம் தெளிவாக இருக்கும். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கூண்டுப் பறவைக்குத் தீனி என் வேலை. பழைய சட்டிக்குள் சாணியும் வைக்கோலும் போட்டு வேலி ஓரம் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான் ஏறியிருக்கும். அதைத் தட்டிப் போடுவேன். என்னைப் பார்த்தால் அது தலையைச் சாய்க்கும். அவரைப் பார்த்தால்தான் கூவும்.

இதெல்லாம் இப்போது கூடாது என்று சட்டம். அப்போதும் கூடாதுதான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஊர் வேட்டை வேறு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளைக் கரிநாள் என்போம். அன்றைக்கு ஊரே முயல் வேட்டைக்குப் போகும். போக விரும்புகிறவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே தலைக்கு இவ்வளவு என்று வரி கொடுத்துப் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும். காலையில் தப்பட்டை அடித்துக்கொண்டு, நாய்களோடு, வலையோடு கிளம்புவார்கள். ஒரு பக்கம் நீளமாக வலை கட்டி, மறு பக்கமிருந்து எல்லாரும் சத்தம் போட்டுக்கொண்டு புதரை அடித்து வருவார்கள். கிடைத்ததைச் சாயங்காலம் கோயில் முன்னால் கூறு போட்டுப் பிரிப்பார்கள். வரி கொடுத்த தலைக்கு ஒரு கூறு. வலை கொண்டுவந்தவருக்கு ஒரு கூறு. நாய்க்கும் கூறு உண்டு. ஆண் துணை இல்லாத வீட்டுப் பெண்களும் வரி கொடுக்கலாம். அவர்கள் காட்டுக்கு வர வேண்டியதில்லை, கூறு வீட்டுக்கு வந்துவிடும்.

சொன்னால் சிரிப்பீர்கள். இருநூறு பேர் போய் மூன்று முயலோடு வருவார்கள். மூன்று முயலை இருநூறு கூறாக்க முடியுமா? அதனால் வரிப் பணத்தில் ஒரு கிடா வாங்கி வெட்டி, முயல் கறியை அதோடு கலந்துவிடுவார்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கார் வைத்துக்கொண்டு வந்து கூட வரி கொடுத்துச் சேர்ந்துகொள்வார்கள். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கரட்டில் ஏறுவார்கள். போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

இதைப் பற்றி எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஒரு சண்டை நடக்கும். சண்டை எனக்கும் அவருக்கும் இல்லை. அவருக்கும் அவர் தம்பிக்கும். என் கொழுந்தனார் ஊர் வேட்டையில் முன்னால் நிற்கிறவர். இரண்டு நாய் வளர்க்கிறார்.

“காசு குடுத்துக் கூட்டத்தோட ஓடறது வேட்டையாடா?” என்பார் அவர். “மொய் வெச்சுட்டுப் பந்தியில ஒக்கார்ற மாதிரி. ஆட்டை வாங்கித் தின்னுட்டு முயல் தின்னேன்னு ஏப்பம் வுடறீங்க.”

“நீ மட்டும் என்ன கிழிச்சிட்ட?” என்பார் கொழுந்தனார். “தனியாப் போறவன் புடிச்சா ஒரு கவுதாரி, வுழுந்தா ஒரு பொணம். தூக்கறதுக்குக்கூட நாலு பேர் வேணும், தெரிஞ்சுக்கோ.”

“அந்த நாலு பேர்ல நீ வராத. ஒன் நாய் கொலைச்சே என்னை எழுப்பிடும்.”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் உள்ளே அடுப்படியில் இருந்து சிரிப்பேன். ஆனால் அந்த வருஷம் கொழுந்தனார் அப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அதற்கு இரண்டு மாசம் முன்னால் என் வீட்டுக்காரர் கிணற்றடியில் விழுந்தார்.

அவருக்குச் சர்க்கரை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிவிடுவார். அன்றைக்கு மோட்டார் போடப் போனவர் திரும்பவில்லை என்று போய்ப் பார்த்தால், துவரைச் செடி ஓரம் கண்ணைத் திறந்துகொண்டு படுத்துக் கிடக்கிறார். பேச்சு இல்லை. சட்டை நனைந்து கிடக்கிறது. ஓடிவந்து சர்க்கரையை அள்ளிக்கொண்டு போய் வாயில் போட்டேன். கால் மணி நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தார். முதலில் சொன்னது இதுதான்: “எவன்கிட்டயும் சொல்லாத. பசங்களுக்கும் போன் பண்ணாத. சொன்னா என்னைக் கட்டிப் போட்டுருவாங்க.”

நான் தலையாட்டினேன். தலையாட்டியது தப்பு. ஆனால் ஆட்டிவிட்டேன்.

மகன் வாங்கிக் கொடுத்த போனையும் கொண்டுபோக மாட்டார். மணி அடித்தால் கவுதாரி ஓடிவிடுமாம். எந்தப் பக்கம் போகிறார் என்றும் சொல்ல மாட்டார். கேட்டாலும் சகுனம் கெட்டது என்று கூண்டைத் திரும்ப மாட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார். அதனால் நான் கேட்பதில்லை. அந்த இரண்டு மாசமும் அவர் கிளம்பின பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடாது. பெருக்கின வாசலையே பெருக்குவேன். இவர் எங்கேயாவது புதருக்குள் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது? யாருக்குத் தெரியும்? இதுதான் ஓடும்.

அப்போதுதான் ஊர் வேட்டையில் இருக்கும் ஒரு கட்டுப்பாடு ஞாபகம் வந்தது. வரி கொடுத்த தலையில் ஒன்று குறைந்தாலும் கூறு போடக் கூடாது. அந்தக் காலத்தில் முயல் துரத்தின ஒருத்தர் பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டாராம். அது தெரியாமல் ஊரே கூறு பிரித்துத் தின்றுவிட்டு, மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்களாம். அன்றிலிருந்து கூறு போடுவதற்கு முன்னால் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகப் படிப்பார்கள். ஆள் “இருக்கேன்” என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வரவில்லை என்றால் எல்லாரும் மறுபடியும் காட்டுக்குள் போய் ஆளைத் தேடிக்கொண்டு வந்துதான் கறியைத் தொட வேண்டும்.

கரிநாளன்று அவர் கட்டாயம் தனியாகப் போவார் என்று எனக்குத் தெரியும். கூட்டம் ஒரு பக்கம் சத்தம் போட்டால் கவுதாரி எல்லாம் மறு பக்கம் வந்துவிடும் என்று அவருக்கு ஒரு கணக்கு. சரி, அவருக்குத் தெரியாமல் அவர் பெயரில் வரி கொடுத்துவிடுவோம் என்று நினைத்தேன். வந்துவிட்டால் நல்லது, கூறு வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம். வரவில்லை என்றால் ஊரே தேடும். நான் வாய் திறக்க வேண்டியதில்லை. அவருக்குக் கொடுத்த வாக்கும் கெடாது. என் புத்திக்கு அது பெரிய யோசனையாகப் பட்டது.

பெயர் எழுதும் இடத்தில்தான் தடுமாறினேன். நாங்கள் வீட்டுக்காரர் பெயரைச் சொல்கிறதில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதினாலும், பேங்கில் கேட்டாலும், பக்கத்தில் இருக்கிற யாராவது எனக்காகச் சொல்லிவிடுவார்கள். இதுவோ யாருக்கும் தெரியாமல் செய்கிற காரியம். யாரைக் கூட்டிப்போவது? முன்பெல்லாம் நோட்டு எழுதின பெரியவருக்கு எங்கள் ஊரில் எந்த வீட்டில் யார் என்று மனப்பாடம். அவர் காலமாகிவிட்டார். அந்த வருஷம் எழுதினவர் எங்கள் ஊருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். பாலக்கோடு தக்காளி மண்டியில் எழுத்து வேலை பார்த்தவர், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நோட்டை அவரிடம் கொடுத்திருந்தார்கள். அவருக்கு எங்கள் வீடு தெரியாது.

நான் ரேஷன் கார்டை முந்தானையில் மறைத்து எடுத்துப் போனேன். அந்தப் புதுக் கார்டில் என் மகன் என்னைக் குடும்பத் தலைவராகப் போட்டுவிட்டான். என் படம் இருக்கும். மேலே என் பெயர். அதற்குக் கீழே, கணவர் பெயர் என்று போட்டு அவர் பெயர்.

“யார் பேர்ல எழுதட்டும் ஆயா?” என்று கேட்டார்.

“எங்க வூட்டுதுங்க.”

“வூட்டுதுன்னா எப்படி? பேர் வேணும் இல்ல. சாயங்காலம் படிக்கணுமே.”

கார்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கீழே இருந்த பெயர் மேல் விரலை வைத்து, “இதுங்க” என்றேன். அவர் கார்டைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். புருஷன் பெயரைச் சொல்ல வெட்கப்படுகிற கிழவி என்று சிரிக்கிறார் என்று நினைத்தேன். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் படித்திருக்கலாம். படிக்காமல் வந்துவிட்டேன்.

கரிநாள் வந்தது. விடியக் கருக்கலிலேயே அவர் கூண்டோடு கிளம்பிவிட்டார். “களி கிண்டி வெச்சிருக்கறேன், ரெண்டு வாய் தின்னுட்டுப் போங்க” என்றேன். “வந்து தின்னுக்கறேன்” என்றார். வெளிச்சம் வந்த பிறகு ஜன்னல் ஓரம் பார்த்தேன். மாத்திரை அட்டையில் ஒன்று பிரித்திருந்தது. களி அப்படியே இருந்தது.

அப்போதே போய் யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வரிதான் கொடுத்திருக்கிறோமே என்று இருந்தேன்.

எட்டு மணிக்குத் தப்பட்டை அடித்துக்கொண்டு ஊர் கிளம்பியது. கொழுந்தனார் இரண்டு நாயையும் ஒரே கயிற்றில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகப் போனார். “எங்க அண்ணி உங்க வீரர்?” என்று கேட்டார். “போயிட்டாருங்க” என்றேன். “எந்தப் பக்கம்?” “தெரியலீங்க.” “அந்த மனுசனுக்குப் பொஞ்சாதியா இருக்கறதுக்குப் பதிலா அந்தக் கவுதாரியா இருந்திருக்கலாம் நீங்க. கூடவாவது கூட்டிட்டுப் போவாரு.”

பத்து மணிக்கு வந்துவிடுவார் என்று பார்த்தேன். வரவில்லை. மொச்சைக் காயை முறத்தில் கொட்டி உரிக்க உட்கார்ந்தேன். நாலு காய் உரிப்பேன், எழுந்து போய்ப் பார்ப்பேன். தோலை முறத்திலும் கொட்டையைக் குப்பையிலும் போட்டிருந்தேன். பொறுக்கினேன். கரட்டுப் பக்கம் நாய் குலைத்தது. சத்தம் தெற்கே போனது, பிறகு வடக்கே வந்தது. அவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எந்தச் சத்தத்தைக் கேட்டு என்ன செய்வது? பன்னிரண்டுக்குக் களியை எடுத்து மோர் ஊற்றிக் கரைத்து வைத்தேன். வந்ததும் குடிக்கட்டும் என்று. இரண்டுக்கு அது புளித்துவிட்டது என்று மாட்டுக்கு ஊற்றினேன். பிறகு புதுசாகக் கிண்டினேன். எனக்குப் பசிக்கவில்லை.

நாலு மணிக்குத் தப்பட்டைச் சத்தம் ஊருக்குள் வந்தது. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. இனிமேல் பெயர் படிப்பார்கள். அவர் பெயருக்குக் குரல் வராது. உடனே ஆள் கிளம்பும். தெருவில் ஓடும் காலடிக்காகக் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

காலடி வந்தது. ஓடவில்லை. நிதானமாக வந்தது. கொழுந்தனார், கையில் பூவரசு இலையில் மடித்த கறி.

“இந்தாங்க அண்ணி, உங்க கூறு” என்று நீட்டினார். “முதல்ல வூடுங்களுக்குப் போற கூறைத்தான் போட்டாங்க. நீங்க வரி குடுத்தீங்களா? மாப்பிள்ளை உங்க பேரைப் படிச்சதும் ஊரே வுழுந்து வுழுந்து சிரிக்குது. அண்ணன் ரோசத்துக்கு வரி குடுக்காது, அண்ணி கமுக்கமா குடுத்துக் கறி திங்குதுன்னு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என் பேரா?” என்றேன்.

“உங்க பேர்தான். ஆள் எங்கன்னு கேட்டாங்க. அது வூட்டுல இருக்குதுன்னு நான்தான் குரல் குடுத்தேன்.”

“அவரு பேரு?”

“அது எப்ப வரி குடுத்திருக்குது?”

இலையை வாங்காமல் அப்படியே நின்றேன். மேலே இருந்த பெயரை எழுதிவிட்டார். தலை எண்ணிக்கை சரியாகப் போய்விட்டது. ஒருத்தரும் குறையவில்லை.

செருப்புப் போடவில்லை. கோயில் முன்னால் கூறு போடுகிற இடத்துக்குப் பொம்பளைங்க போகிறதில்லை. போனேன். வாழை இலை விரித்து வரிசையாகக் கறி வைத்திருந்தார்கள். பாதிதான் ஆகியிருந்தது. நடுவில் போய் நின்றேன்.

“அவரு இன்னும் வரலீங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

“வந்துருவாரு ஆயா” என்றார் ஒருவர். “அவரு வர்ற நேரம் யாருக்குத் தெரியும்?”

“மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம போயிருக்கறாருங்க. ரெண்டு மாசம் முன்னாடியே ஒருக்கா வுழுந்தாருங்க.”

சொல்லிவிட்டேன். வாக்குப் போனது. ஊர்ப் பெரியவர் என்னைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. ஆனால் காலையிலிருந்து கரட்டில் நடந்து எல்லாருக்கும் கால் ஓய்ந்திருந்தது. “கூறு போட்டு முடிச்சுட்டு நாலு பசங்களை அனுப்பறேன். பட்டியல்படி தலை எல்லாம் சரியா இருக்குதும்மா. பாதியில நிறுத்தற வழக்கம் இல்லையே” என்றார். கூட்டத்தில் யாரோ, “வரி குடுக்காத தலைக்கு ஊர் என்ன பண்ணும்?” என்று மெதுவாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் இத்தனை வருஷம் பேசின பேச்சுக்கு அது வட்டி.

எனக்கு வாதாடத் தெரியாது. நாலு பேர் முன்னால் நிற்கவே தெரியாது. ஆனால் அப்போது ஒன்று தோன்றியது. எங்கிருந்து தோன்றியது என்று தெரியாது.

“நோட்டுல என் பேர் இருக்குதுங்களா?” என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

“இருக்குது ஆயா.”

“அப்படின்னா வரி குடுத்த தலை நான்தானே. நான் கரட்டுக்குப் போறேங்க. நான் வராம நீங்க கூறு போட முடியாது இல்லீங்களா?”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டேன். பின்னால் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பேன். கரட்டுப் பாதை திரும்புகிற இடம் வரை வந்துவிட்டேன். பிறகு கொழுந்தனார் குரல் கேட்டது. “அட எழுந்திரிங்கடா. இந்தக் கிழவி சொன்னா சொன்னதுதான். கறியை மூடுங்க.” பிறகு நாய். பிறகு தப்பட்டை.

இருநூறு பேரும் வந்தார்கள். வெள்ளை ஷூ போட்ட பிள்ளைகளும் வந்தார்கள். காலையில் முயலுக்கு நின்ற மாதிரியே கரட்டின் அகலத்துக்கு வரிசையாக நின்று, புதர் புதராகப் பார்த்துக்கொண்டு ஏறினோம். காலில் முள் ஏறியது தெரியவில்லை. வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆளாளுக்கு அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் மட்டும் “ஏங்க, ஏங்க” என்று கூப்பிட்டேன்.

கரட்டின் உச்சிக்கு வந்தபோது பெரியவர் கையை உயர்த்தித் தப்பட்டையை நிறுத்தச் சொன்னார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது கவுதாரி அடையப் போகிற நேரம். நாலா பக்கமும் கூவிக்கொண்டிருந்தன. அந்த நேரம் அப்படித்தான் இருக்கும். எது எது என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்தது. நான் கரையான் போட்டு வளர்த்தது. ஓடைப் பக்கமிருந்து, முடிக்கும்போது கொஞ்சம் இழுத்து, கரகரப்பாகக் கூவியது.

“அதோ, எங்க வூட்டுது” என்றேன்.

ஓடைச் சரிவில் ஒரு துரிஞ்சி மரம். அதன் வேரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கிக் கிடந்தது. மயக்கம் வந்து சரிந்திருக்கிறார், கால் பிசகியிருக்கிறது. வாய் குழறியது. பக்கத்தில் கூண்டு கவிழாமல் நின்றது. அதன் துணியை எடுத்துத் தன் தலையில் போட்டிருந்தார். அதனால்தான் அதற்கு வெளிச்சம் தெரிந்து கூவியது. வெல்லத்தை மடியில் முடிந்துகொண்டு போயிருந்தேன். அதை அவர் வாயில் திணித்தேன். ஓசூரிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தன் பையில் இருந்து இனிப்புத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தான்.

தெளிவு வந்ததும் சுற்றிப் பார்த்தார். சரிவு முழுக்க ஆள்.

“எதுக்குடி ஊரையே கூட்டிட்டு வந்த?” என்றார். “இருந்த ஒண்ணு ரெண்டும் ஓடிப்போச்சு.”

“அண்ணா, எண்ணிப் பாரு” என்றார் கொழுந்தனார். “உன்னைத் தூக்க நாலு பேர் கேட்டேன். இருநூறு பேர் வந்திருக்கறோம். அதுவும் உனக்காக இல்ல. அண்ணி தலை குறையுதுன்னு வந்தோம்.”

வலைக் கம்பு இரண்டையும் வலையையும் வைத்துத் தூளி மாதிரி கட்டித் தூக்கினார்கள். முயல் வலையில் போகிறோம் என்று அவருக்கு அவமானம். கண்ணை மூடிக்கொண்டார். கூண்டை நான் எடுத்துக்கொண்டேன். கோயிலுக்கு வந்ததும் மாப்பிள்ளை நோட்டை எடுத்து என் பெயரை மட்டும் மறுபடியும் படித்தார். அத்தனை ஆம்பிளைகள் முன்னால் நான் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அதற்குப் பிறகுதான் கறியைத் தொட்டார்கள்.

அன்றே காரில் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கால் எலும்பில் கீறல் என்றார்கள். மூன்று மாசம் வீட்டில் கிடந்தார். என்னோடு பேசவில்லை. நான் வாக்குத் தவறினது ஒன்று, வரி கொடுத்தது ஒன்று. இரண்டில் எது பெரிய கோபம் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கூறுக் கறியை அவர் தொடவில்லை. நானும் தொடவில்லை. கொழுந்தனார் நாய்க்குப் போனது.

அடுத்த வருஷம் வனத்துறை ஆட்கள் ஊரில் கூட்டம் போட்டு, முயலோ கவுதாரியோ தொட்டால் கேஸ் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வேட்டை நின்றது. இப்போது கரிநாளன்று வலையைக் கோயிலைச் சுற்றித் தூக்கிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறார்கள். கிடா உண்டு. வரி உண்டு. பெயர் படிப்பதும் உண்டு. அவரும் கண்ணியை எல்லாம் அறுத்து அடுப்பில் போட்டார். கூண்டைக் கரட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டார். அந்தப் பறவை அவர் பின்னாலேயே கோழி மாதிரி நடந்து வீட்டுக்கு வந்துவிட்டது. அதை என்ன செய்வது? தினமும் அதைக் கூட்டிக்கொண்டு வெறும் கையோடு கரட்டுக்குப் போகிறார். தனியாகத்தான். போனை இன்னும் கொண்டுபோகிறதில்லை.

வேட்டை நின்ற அந்த வருஷம் வரி எழுத வந்தபோது மாப்பிள்ளை, “இந்தத் தடவை உங்க பேர்ல போட்டுரட்டுங்களா?” என்று அவரைக் கேட்டார். அவர் பணத்தை எடுத்துக் கொடுத்தார். “அது பேர்லயே இருக்கட்டும்” என்றார், என் பக்கம் தலையை ஆட்டி. அவ்வளவுதான் சொன்னார்.

இன்னொன்றும் மாறியது. இத்தனை வருஷம் எந்தப் பக்கம் போகிறார் என்று வாய் திறக்காத மனிதர், இப்போது செருப்பு மாட்டும்போது அந்தப் பறவையிடம் சொல்வது போலச் சொல்கிறார். “வா, வடக்கால போலாம்” என்பார். நான் அடுப்படியில் கேட்டுக்கொள்வேன். இன்றைக்குக் காலையில் “ஓடைக்குப் போலாம்” என்றார். இரண்டு வாய் களி தின்றார். மணி பத்தரை ஆகிவிட்டது. இந்தப் பக்கத்தை முடித்ததும் போய் மறுபடியும் பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது இதில் உள்ளதைச் சரிபார்த்துக் கொடுத்தால் நல்லது. நாய்க்கு முழுக் கூறா அரைக் கூறா என்று எனக்குச் சந்தேகம். கொழுந்தனார் முழுக் கூறு என்பார், அவரைக் கேட்காதீர்கள். அது எந்த வருஷம் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும், சீட்டு எங்கே என்று தெரியவில்லை. முக்கியமாக ஒன்று. என் விரல் மேலே இருந்த பெயரில்தான் இருந்தது என்று மாப்பிள்ளை இன்றைக்கும் சாதிக்கிறார். கீழேதான் வைத்தேன் என்று நான் சொல்கிறேன். அந்தக் கார்டில் இரண்டு பெயரும் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.